நீலச் சிறகுக் கிளி

கிளி என்றதும் நம் மனக்கண்முன் வருவது, கோபுர மாடங்களிலும் தோப்புகளிலும் கூச்சலிடும் பச்சைக் கிளிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கின்ற கிளியினம் ஒன்றும் உண்டு. நீலச் சிறகுக் கிளி என்று அதைச் சொல்லலாம். அதை இனங்கண்டு படமெடுக்கும் முறையைப் பற்றி நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இப்பறவையை முதலில் அறிவது காதுதான். ஆனைமலைச் சரிவுகளில் கிறீச்சென்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் தலைக்கு மேலே விரைந்து மறையும். இலைகளினூடே அமர்ந்துவிட்டாலோ கண்ணுக்குப் புலப்படுவது அரிது. ஆகையால் நான் அதைத் தேடி அலைவதில்லை. பூத்த முள்முருங்கையையோ பழுத்த அத்தியையோ கண்டு, அங்கே காத்திருப்பேன்.

அதன் தலையும் மார்பும் நீலம் கலந்த சாம்பல் நிறம், சிறகு நீலம். ஆணின் கழுத்தில் கறுப்பு வளையமும், அதை ஒட்டி நீலப்பச்சை வளையமும் உண்டு. மேல் அலகு சிவப்பு. பெண்ணுக்கு நீலப்பச்சை வளையம் இல்லை, அலகு கறுப்பு. செந்தலைக் கிளியின் பெண்ணுக்கும் சாம்பல் தலை உண்டாதலால் மயக்கம் நேரலாம். வால் நுனியைப் பாருங்கள்: செந்தலைக் கிளிக்கு வெண்மை, இதற்கு மஞ்சள்.

படமெடுப்போர் மரத்தடியில் நின்று அண்ணாந்து எடுத்தால், வானத்தின் ஒளியில் பறவை கரிய நிழலாகவே பதியும். சரிவின் மேற்புறத்தில், காலை வெயில் முதுகில் பட நின்றால், மரத்தின் உச்சி கண்ணுக்கு நேராக வரும். நிறங்களும் தெளிவாக விழும்.

மரங்கொத்தியும் குக்குறுவானும் கைவிட்ட பொந்துகளில், ஜனவரி முதல் மார்ச் வரை இக்கிளிகள் முட்டையிடுகின்றன. அந்தப் பொந்தைப் படமெடுத்துத் தரும்படி நண்பர்கள் கேட்பதுண்டு, நான் இணங்குவதில்லை. அருகில் மனிதன் நின்றால் தாய்ப்பறவை பொந்துக்குள் நுழையத் தயங்கும், குஞ்சு பசித்திருக்கும். நம் காலடித் தடமே குஞ்சு பிடிப்பவனுக்கு வழிகாட்டியாகிவிடும். கிளி பிடிப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் அடர்ந்த காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் காவல் வைக்க யாரால் இயலும்?

முற்காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்தியே இனங்கண்டனர். அந்தத் துப்பாக்கிக்குக் காமிரா ஓய்வு கொடுத்தது. எனவே, படத்தைப் பிறருக்குக் காட்டும்போது மலையின் பெயரைச் சொன்னால் போதும். மரத்தைச் சொல்லாதிருப்பதே அப்பறவைக்கு நாம் செய்யும் உதவி.