ரிட்டிகல மலையில் கேட்ட பாடம்
(நூற்றாண்டு நடைப்பயணத்தின் பின் ஹபரணையில் மதியபோசன வேளையில் ஆற்றப்பட்ட உரை)



எல்லோருக்கும் பசி. சோற்றுப் பொதிகளை அவிழ்க்கும் முன் சில வார்த்தைகள் மட்டும்.

ரிட்டிகல 766 மீற்றர் உயரமான மலை. நாம் உச்சிக்குப் போகவில்லை. காட்டினுள் இருக்கும் மடாலய இடிபாடுகள் வரையே ஏறினோம். 9ஆம் நூற்றாண்டில் முதலாம் சேன மன்னன் பாம்சுகூலிகத் துறவிகளுக்காக அமைத்தது அது. பிறர் எறிந்த துணிகளைத் தைத்து உடுத்தவர்கள் அவர்கள். அங்கே தாதுகோபமும் சிலையும் இல்லை. குளத்தின் கற்படிகள், கல் பாவிய பாதை, இடையிடையே வட்டமான தங்குமிடங்கள், கற்பாலத்தால் இணைந்த இரட்டை மேடைகள் ஆகியன எஞ்சியுள்ளன. அந்த வட்டங்களில் மூத்த அக்காமார் இருந்து இளைப்பாற, இளையவர்கள் காத்து நின்று கைகொடுத்தார்கள். ஒருவரையும் விட்டுவிட்டு நாம் மேலே போகவில்லை.

ஆனால் அந்தப் பாதையில் அன்று நடந்த துறவிகளின் பெயர்களை எந்தக் கல்லும் நமக்குச் சொல்லவில்லை.

100 வயதான நமது பாடசாலைக்கு அந்த நிலை வரக்கூடாது. பழைய வகுப்புப் படங்களைக் கொண்டுவந்திருக்கிறோம். அவற்றில் நிற்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்று இந்தப் பாய்களில் இருக்கும் அக்காமார்தான். சாப்பிட்டுக் கைகழுவியதும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் தெரிந்த பெயர்களைப் பென்சிலால் எழுதித் தாருங்கள். கடல் கடந்து வாழும் தோழியருக்கும் பிரதிகள் அனுப்புவோம். விடுபட்ட பெயர்களை அவர்கள் நிரப்பட்டும்.

இனிச் சாப்பிடுவோம்.