இன்ஷூரன்சும் கருக்கலைப்பும்



அமெரிக்க நாட்டில் நடந்துவரும் ஒரு வாதத்தைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டோம். அந்தச் சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பெண்ணின் உடம்பு யாருக்குச் சொந்தம் என்கிற கேள்விக்கு அந்நிய நாடு, சொந்த நாடு என்கிற வித்தியாசம் கிடையாது என்பதே நமது சமாதானமாகும்.

அங்கே வைத்தியச் செலவு மிக அதிகம். ஆகையால் ஜனங்கள் மாதாமாதம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பணம் கட்டி வருகிறார்கள். ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்று சர்க்காரே ஏற்படுத்திய ஏற்பாடு ஒன்று உண்டு. 1973-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டார், கருக்கலைப்பு செய்துகொள்வது பெண்ணின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். வைதிகர்களால் அந்த உரிமையை நேரில் பறிக்க முடியவில்லை. ஆகவே பெண்ணின் மடிப்பணத்தில் கையை வைத்தார்கள்.

1976-ல் ஹென்றி ஹைடு என்கிற பிரதிநிதி கொண்டுவந்த திருத்தத்தால், மெடிக்கெய்டில் இதற்கு மத்திய சர்க்கார் பணம் கொடுப்பது தடுக்கப்பட்டது. பணக்காரி, நடுத்தரக்காரி, ஏழை ஆகிய எல்லோரையுமே தடுப்பதுதான் தமக்கு ஆசை என்றும், ஆனால் கைக்குக் கிடைத்தது மெடிக்கெய்டு மசோதா ஒன்றுதான் என்றும் அவரே 1977-ல் சபையில் ஒப்புக்கொண்டார். அகப்பட்டவள் ஏழை! அவ்வருஷம் அக்டோபர் மாதத்திலேயே, டெக்சாஸ் மாகாணத்தில் ஒரு குழந்தைக்குத் தாயான 27 வயதுப் பெண் ஒருத்தி, ஒழுங்கான வைத்தியத்திற்கு வழியில்லாமல் மலிவான இடத்திற்குப் போய் உயிரை விட்டாள். 1980-ல் சுப்ரீம் கோர்ட்டார் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் ஹைடு திருத்தம் செல்லும் என்றார்கள். உரிமை உண்டாம், ஆனால் அவளுடைய வறுமை சர்க்கார் உண்டாக்கியதல்லவாம். கதவைத் திறந்து வைத்து ஏணியை எடுத்துக்கொள்வதற்குப் பெயர் நியாயமாம்!

ஏழை போகட்டும், சொந்தப் பணம் கட்டுகிறவளையாவது விட்டார்களா? மிச்சிகன் மாகாணத்தைப் பாருங்கள். சாதாரணப் பாலிசியில் கருக்கலைப்பைச் சேர்க்கக்கூடாது, வேண்டுமானால் முன்கூட்டியே தனிப் பணம் கட்டித் தனிப் பத்திரம் வாங்கவேண்டும் என்று சட்டம் செய்யப் பார்த்தார்கள். 2012-ல் கவர்னர் அதை மறுத்துவிட்டார். உடனே 3 லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்து வாங்கி, கவர்னர் சம்மதமே தேவையில்லாதபடி 2013 டிசம்பரில் சட்டசபையில் நிறைவேற்றிக்கொண்டார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. பலாத்காரத்தால் உண்டான கர்ப்பத்திற்கு அந்த விலக்கும் கிடையாது.

அதாவது, எந்தப் பெண்ணும் தான் பலாத்காரம் செய்யப்படுவோம் என்று முன்னாலேயே எண்ணி அதற்கு ஒரு பத்திரம் வாங்கி வைத்திருக்க வேண்டும்! வீடு தீப்பிடிக்கும் என்று நாள் குறித்துக்கொண்டா மனிதன் இன்ஷூர் செய்கிறான்? அன்று அந்தச் சபையில் எதிர்க்கட்சித் தலைவியாயிருந்த கிரெட்சன் விட்மர் என்ற அம்மையார், கையிலிருந்த குறிப்பை ஒதுக்கிவிட்டு, கல்லூரி நாளில் தமக்கே அக்கொடுமை நேர்ந்ததென்று வாய்விட்டுச் சொன்னார். ஒரு பெண் தன் மானத்தையே சாட்சியாக வைத்துப் பேசியும் எண்ணிக்கையே ஜெயித்தது.

"எங்கள் பணத்தைக் கொண்டு பாவம் செய்வதா?" என்பதே அவர்களுடைய பெரிய ஆட்சேபணை. நல்லது. குடித்துக் குடித்து ஈரல் கெட்டவனுக்கும் அந்தப் பொதுப் பணத்திலிருந்துதானே வைத்தியம்? அங்கே பாவக் கணக்கு பார்த்தவர் யார்? யுத்தமே கூடாது என்று நம்புகிறவன் கட்டும் வரியிலும் பீரங்கி வாங்கப்படுகிறதே, அவனுக்குத் தனிப் பத்திரம் உண்டா? செலவுதான் கவலை என்றால், பிரசவத்திற்கு ஆகும் செலவு இதைவிடப் பலமடங்கு அதிகம்; அதைக் கம்பெனி கொடுப்பதில் எந்தப் பாதிரியாருக்கும் வருத்தமில்லை. ஆகவே இது பணத்தைப் பற்றிய கவலை அல்ல. பெண் தன் புத்தியைக்கொண்டு தன் காரியத்தை முடிவு செய்துகொள்ளக் கூடாது என்கிற கவலையேயாகும்.

நிற்க. 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டார் தங்கள் 1973-ம் வருஷத் தீர்ப்பையே ரத்து செய்தார்கள். அவ்வருஷம் நவம்பரில் மிச்சிகன் ஜனங்கள் ஓட்டுப்போட்டு அவ்வுரிமையைத் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அதற்குள் கவர்னராகிவிட்ட விட்மர் அம்மையார், 2023 டிசம்பரில் அந்தத் தனிப் பத்திரச் சட்டத்தை ஒழிக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார். ஆனால் மெடிக்கெய்டு ஏழைகளுக்கு மாகாணப் பணம் கூடாது என்று 1988-ல் போட்ட தடையை மட்டும் அந்த மசோதாக்கள் தொடவில்லை. சொந்தக் கட்சியிலேயே ஓர் ஓட்டுக் குறைந்ததாம். சம்பளக்காரியின் பாலிசி திரும்பி வந்தது. கூலிக்காரி அன்றும் வெளியிலேயே நிறுத்தப்பட்டாள்.