சீனியா, சர்க்கரையா? நீரிழிவு உள்ளவர்களுக்குத் தேநீர் நேரத்துச் சாப்பாடு

(வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருக்கும், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் டொக்டர் இல்லை. இந்த நிறுவனத்தில் தகவல் பிரிவில் வேலை செய்கிறேன். ஆனால் என் அம்மாவுக்குப் பல வருடங்களாக இரண்டாம் வகை நீரிழிவு. அதனால் வீட்டில் தினமும் கதைக்கிற விஷயத்தைத்தான் இங்கேயும் கதைக்கப்போகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்வோம். திருச்சியிலிருந்து திரும்பிய ஒரு அம்மா வெள்ளவத்தையில் உறவினர் வீட்டுக்குப் போய், "எனக்குச் சர்க்கரை போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்காரரும் "சரி அக்கா" என்று சொல்லி, இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேநீர் கொடுத்திருக்கிறார். அவர் மேல் பிழை இல்லை. தமிழ்நாட்டில் வெள்ளைச் சீனியைத்தான் சர்க்கரை என்பார்கள். இங்கே சர்க்கரை என்றால் பழுப்பு நிறக் கட்டி, பொங்கலுக்குப் போடுவது. ஆகவே இங்கே "சீனி வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்" என்று இரண்டையும் சொல்லுங்கள். சிங்களக் கடையில் "சீனி நெத்துவ" என்றால் சீனி இல்லாமல் தருவார்கள். "சீனி அடுவென்" என்றால் சீனி குறைவாக. கொழும்பில் இந்த இரண்டும் உங்களுக்குத் தினமும் உதவும்.

அடுத்தது பனங்கட்டி. இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலும் சண்டைதான். "சீனிதான் கூடாது, பனங்கட்டி இயற்கையானது, கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கலாம்" என்று அம்மா சொல்லுவார். சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் பனங்கட்டியிலும் கித்துள் கருப்பட்டியிலும் பெரும்பகுதி. கித்துள் பாணியும் தேனும் இரத்தத்தில் குளுக்கோஸைக் கூட்டத்தான் செய்யும். சுவை வேறு, கொஞ்சம் கனியுப்புகள் கூட இருக்கலாம். ஆனால் குளுக்கோமீற்றருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. டின்பாலும் அப்படித்தான். அதன் எடையில் சுமார் பாதி சீனி.

ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். நாளைக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 32 கிராம். சாப்பாட்டில் கை வைக்காமலே குறைக்கக்கூடிய இடம் இது. ஒரேயடியாக விட முடியாவிட்டால் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும். இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டால் இன்னும் சுலபம்.

பாமசியில் விற்கும் இனிப்பு மாத்திரை பற்றிக் கனபேர் கேட்கிறார்கள். அஸ்பார்ட்டேம், சுக்ரலோஸ், ஸ்டீவியா என்று பெயர் போட்டிருக்கும். அளவோடு பாவித்தால் இவை இரத்தச் சீனியைக் கூட்டாது. அஸ்பார்ட்டேம் கொதிக்கவைத்தால் இனிப்பை இழந்துவிடும், பாயாசத்துக்கு உதவாது. சுக்ரலோஸ் சூட்டைத் தாங்கும். உடல் எடையைக் குறைப்பதற்கு இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அந்த அறிவுரை ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்காகச் சொன்னதல்ல. என் அபிப்பிராயம்: சீனியை விடும் வரைக்கும் ஊன்றுகோலாக வைத்திருங்கள், போதும். மாத்திரை போட்ட தேநீரோடு மூன்று கேக் துண்டு சாப்பிட்டால் மாத்திரைக்குச் செலவழித்த காசு வீண்.

இனிக் கடிக்கிற சாமான்கள். லொட்ஜ் அறையிலோ பகிர்ந்த குசினியிலோ இருப்பவர்களுக்கு விதவிதமாகச் சமைக்க வசதி இல்லை என்பது தெரியும். ஆனாலும் ஒரு சின்னச் சட்டியில் கடலையோ கௌபியோ பயறோ அவிக்கலாம். கொஞ்சம் தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய் போட்டு ஒரு கைப்பிடி சாப்பிட்டால் பின்னேரப் பசி அடங்கும். பணிஸும் ரோல்ஸும் இனிக்காவிட்டாலும் கோதுமை மாதான், அதுவும் வயிற்றில் குளுக்கோஸாகும். கிறீம் கிறக்கரும் அப்படியே. 'சீனி சேர்க்காதது' என்று எழுதிய பிஸ்கட்டையும் எண்ணித்தான் சாப்பிட வேண்டும். குரக்கன் நல்லதுதான், ஆனால் சர்க்கரை போட்டுப் பிசைந்தால் அந்த நன்மை போய்விடும். பழமாக என்றால் ஒரு கொய்யாவோ ஒரு சின்னக் கதலியோ முழுதாகச் சாப்பிடுங்கள், சாறாகக் குடிக்க வேண்டாம். தயிர் சாப்பிடலாம், பாணியை விடுங்கள்.

மென்பானப் போத்தலில் நிறவட்டம் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் இது 2016 ஓகஸ்ட்டில் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். சிவப்பு இல்லைதானே என்று செம்மஞ்சளை வாங்காதீர்கள். 100 மில்லிலீற்றரில் 8 கிராம் உள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் செம்மஞ்சள்தான். அதை முழுதாகக் குடித்தால் 32 கிராம், அதாவது எட்டுக் கரண்டி சீனி.

இவ்வளவு நேரமும் சீனி வேண்டாம் என்று சொன்ன நான், இப்போது பையில் கொஞ்சம் சீனி வைத்திருங்கள் என்று சொல்லப்போகிறேன். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிபென்கிளமைட், கிளிகிளசைட், கிளிமெபிரைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும், சாப்பாடு பிந்தினால் இரத்தச் சீனி ஒரேயடியாக இறங்கலாம். அடையாள அட்டைக்கும் பதிவுக்கும் காலையிலிருந்து வரிசையில் நிற்கும் நாட்களில் இது நடக்கக்கூடும். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கதை தடுமாறும். அப்போது இனிப்பு மாத்திரை ஒன்றுக்கும் உதவாது. உண்மையான சீனிதான் வேண்டும்: மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் திரும்பவும் குடியுங்கள். தேறியபின் நாலு பிஸ்கட் சாப்பிடுங்கள், இந்த இடத்தில் பிஸ்கட்டுக்கு அனுமதி உண்டு. நினைவு தப்பியவருடைய வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரியும், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையும் கிட்ட. அரச கிளினிக்கில் பார்ப்பதற்குக் காசு இல்லை. போகும்போது தமிழ்நாட்டில் எடுத்த மாத்திரைகளின் வெறும் அட்டையையாவது கொண்டுபோங்கள். அங்கே விற்கும் பெயர் இங்கே வேறாக இருக்கும், ஆனால் அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். இன்றைக்கு அட்டை கொண்டுவந்தவர்கள் பின்னால் உள்ள மேசைக்கு வாருங்கள், அந்தப் பெயரைக் கொப்பியில் எழுதித் தருகிறோம்.