கொள்ளைநோயும் கூடும் அவைகளும்



சிலப்பதிகாரத்தின் முகப்பில் உரைபெறு கட்டுரை என்றொரு சிறு பகுதி உண்டு. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் வெப்புநோயும் அம்மையும் பரவிய காலத்தில், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு வேள்வியும் விழாவும் செய்தான் என்றும், அதன்பின் மழை பெய்து நோய் நீங்கிற்று என்றும் அப்பகுதி கூறுகிறது. அச்செய்தி கேட்டுக் கொங்கிளங்கோசரும் தம் நாட்டில் விழா எடுத்தனர். கொங்கு மண்ணில் அமர்ந்து பேசும்போது இக்குறிப்பு தனிக் கவனம் பெறுகிறது. நோய் வந்தால் ஊர் கூட வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. கோவை நகரில் இன்றும் வழிபடப்பெறும் பிளேக் மாரியம்மன், அந்நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்து வந்தமைக்குச் சான்று.

2020ஆம் ஆண்டு இதனைத் தலைகீழாக்கிற்று. மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நோய் வந்தால் ஊர் கூடலாகாது என்பது சட்டமாயிற்று. அவ்வாண்டுச் சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் திரையில் கண்டனர். அழகர் வைகைக்கு எழுந்தருளவில்லை. சட்டம் காரணமின்றி வந்ததன்று. கோயம்பேடு சந்தையின் நெரிசலிலிருந்து தொற்று பல மாவட்டங்களுக்கும் பரவியதைத் தமிழகம் அவ்வாண்டு மே மாதத்தில் கண்ணாரக் கண்டது.

கூட்டம் நின்றால் எவையெல்லாம் நிற்கும் என்பதற்கு அனுப்பர்பாளையத்தை விடச் சிறந்த பாடநூல் இல்லை. இது பாத்திரத்தின் ஊர். பித்தளைக் குடமும் செம்புப் பானையும் எவர்சில்வர் அண்டாவும் உருப்பெறும் ஊர். அண்டா என்பது தனி மனிதனுக்கு உரிய பொருளன்று. பந்தியை எண்ணிச் செய்யப்படுவது. திருமணத்திற்கு ஐம்பதின்மர் போதும் என்று விதி வந்தபோது, அண்டாவிற்கும் சீர்வரிசைக் குடத்திற்கும் வேலை குறைந்தது. அண்மையிலுள்ள திருப்பூரின் பனியன் ஆலைகளோ முகக்கவசம் தைக்கத் தொடங்கின. கூடிவாழ்தலுக்கான பொருள் தேங்கிற்று. விலகியிருத்தலுக்கான பொருள் பெருகிற்று.

இப்பின்னணியில் அதிகம் பேசப்படாத ஓர் இழப்பைக் கருத வேண்டும். அஞ்சல் தலை, நாணயம், பழம் விளக்கு, பழைய நூல் என விரும்பிச் சேர்ப்போர் ஊர்தோறும் உள்ளனர். சேகரித்தல் தனிமையில் நிகழும் பணி. இரவு உணவுக்குப் பின், வீட்டார் உறங்கிய வேளையில், உருப்பெருக்கிக் கண்ணாடியும் இடுக்கியுமாக அமர்ந்திருப்பவர் சேகரிப்பாளர். அவர் ஊரறிய ஒருவராக மாறும் நாள் கண்காட்சி நாள் மட்டுமே. கவிஞர்க்குக் கவியரங்கம் எதுவோ, அதுவே அவர்க்குக் கண்காட்சி.

அக்கண்காட்சிகள் உலகெங்கும் முடங்கின. லண்டன் மாநகரில் பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் பன்னாட்டு அஞ்சல் தலைக் கண்காட்சி 2020 மே மாதத்தில் நடந்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. சனவரியில் கூடும் சென்னைப் புத்தகக் காட்சி 2021இலும் 2022இலும் பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. ஆடித் திங்களில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் குதிரை, மாட்டுச் சந்தை ஈராண்டுகள் கூடவில்லை. ஆசையோடு வளர்த்த குதிரையைப் பலர் காண நடத்திவருவதும் ஒருவகைக் கண்காட்சியே.

‘காட்சிதானே, கணினித் திரையில் காட்டலாமே’ என்ற கேள்வி எழுந்தது. காட்டவும் செய்தனர். பயணம் செய்ய இயலாத முதியோரும் கடல் கடந்து வாழ்வோரும் வீட்டிலிருந்தே கண்டனர். இந்நன்மையை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அஞ்சல் தலையின் நீர்க்குறியைத் தாளைப் பிடித்துப் பார்த்தே உணர வேண்டும். நாணயத்தின் எடை உள்ளங்கைக்கே தெரியும். இவ்வூரில் குடம் வாங்குவோர் விரலால் சுண்டி ஓசை கேட்டு வாங்குவர். திரையில் சுண்ட இயலாது.

இதனினும் பெரிய இழப்பு மற்றொன்று. சேகரிப்பாளருள் பெரும்பாலோர் முதியோர். கொரோனாவின் கொடுமைக்கு மிகுதியும் ஆளானவரும் முதியோரே. கண்காட்சிக்கு வரும் பள்ளிச் சிறுவன் ஒரு மேசையின் முன் சற்றுக் கூடுதலாக நின்றால், மேசைக்குப் பின்னிருப்பவர் அவனை அழைத்து, பொருளைக் கையில் கொடுத்துக் கதை சொல்வார். அவருடைய வழித்தோன்றல் அங்கேதான் கிடைக்கிறான். கண்காட்சிகள் மீண்டும் தொடங்கியபோது சில மேசைகளுக்குப் பின்னிருந்தவர் இல்லை. கதை அறிந்தவர் மறைந்தபின் பொருள் என்னாகும்? மூன்று தலைமுறை கண்ட பித்தளை விளக்கு பழைய பித்தளையாக எடைக்குப் போகும். உலையில் உருகிப் புதுக்குடமாகும். உலையைக் குறைகூறப் பயனில்லை. அதன் தொழில் உருக்குவது. ‘இது இன்னாருடையது, இன்ன காலத்தது’ என்று எழுதி வைக்காமையே குறை.

அவ்வாறாயின் நோய்க்காலத்தும் கூடியிருக்க வேண்டுமோ எனின், அன்று. முதியோரைக் காக்கவே கூட்டம் நிறுத்தப்பட்டது. நிறுத்தம் தவறன்று, நிறுத்தத்தை முடிவாகக் கொள்வதே தவறு. இதற்குச் சேகரிப்பாளர் உலகிலேயே ஒரு விடை கிடைக்கிறது.

பிளேக்கும் காலராவும் அச்சுறுத்திய காலங்களில் ஐரோப்பியத் துறைமுகங்களில் கடிதங்களும் நோயைச் சுமந்துவரும் என்று நம்பினர். எனவே அவற்றைக் கீறிக் கந்தகப் புகை காட்டினர், புளிங்காடியில் நனைத்தனர், தூய்மை செய்யப்பட்டது என முத்திரையிட்டனர். வெளிப்புறம் மட்டும் தூய்மை செய்யப்பட்ட இத்தாலியக் கடிதங்கள் சிலவற்றில், ‘புறம் தூய்து, அகம் தூய்தன்று’ என்னும் பொருள்பட முத்திரை உண்டு. அந்தக் கறைபட்ட, கீறல் விழுந்த கடிதங்களை இன்று சேகரிப்பாளர் போற்றி விலைகொடுத்து வாங்குகின்றனர். கடிதம் நோயைக் கொணரும் என்னும் அக்கால அச்சம் பெரும்பாலும் தவறானது. பிளேக் தெள்ளுப்பூச்சியாலும் காலரா நீராலும் பரவுவதைப் பிற்காலம் கண்டறிந்தது. அவர்கள் செய்த ஒன்று மட்டும் சரியானது. அஞ்சியபோதும் அவர்கள் கடிதத்தைக் கொளுத்திவிடவில்லை. புகைத்து, காலம் தாழ்த்தி, உரியவரிடம் சேர்த்தனர்.

நோய்க்காலத்துப் பொதுக்கூட்டம் ஒவ்வொன்றும் அத்தகைய கடிதமே. தள்ளி வைக்கலாம், சிறிதாக்கலாம், திரைக்கு மாற்றலாம், சேர்ப்பிக்காமல் விடலாகாது. தள்ளிவைத்த நாளிலும் மூன்று கடமைகள் எஞ்சுகின்றன. முதலாவது, வர இயலாத முதியவரை நலம் உசாவுதல். இரண்டாவது, அவர்தம் தொகுப்பின் வரலாற்றை அவர் வாய்மொழியாகவே எழுதி வைத்தல். மூன்றாவது, மீண்டும் கூடும் நாளில் ஓர் இளையவரை உடன் அழைத்து வருதல்.

இலக்கிய வட்டத்திற்கும் இம்மூன்றும் பொருந்தும். அச்சேறாத கவிதைகளைக் குறிப்பேட்டில் வைத்திருக்கும் மூத்த கவிஞர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றார். பத்தாண்டு நிறைவு மலர் வெளியிடும் வட்டம் ஒன்று, அடுத்த பத்தாண்டிற்கான முதற்பணியாக அக்குறிப்பேடுகளைத் தேடிச் செல்லுமாயின், அதனினும் சிறந்த விழா வேறில்லை. விளக்கு உலைக்குப் போகுமுன் அதன் கதையைக் கேட்டுவிட வேண்டும்.