அவர்கள் உழைப்புக்குச் சாட்சி யார்?

(திருப்பத்தூரில் மலைவாழ் மக்களும் பீடித் தொழிலாளரும் கூடி நடத்திய நினைவுக் கூட்டத்தில், ஒரு பீடித் தொழிலாளியின் மகன் ஆற்றிய உரை.)



காலஞ்சென்ற பெற்றோரைப் பற்றிப் பேசு என்று சொன்னால் நம்மில் பலர் கண் கலங்கி உட்கார்ந்துவிடுகிறோம். அழுவதில் தவறில்லை. ஆனால் பண்ணையார் வீட்டில் தகப்பன் செத்தால் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, சத்திரத்துச் சுவரில் பெயர் வெட்டிய கல் இருக்கிறது. நம் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு அரிவாள், ஒரு பீடி முறம், துருப்பிடித்த ஒரு கத்தரி. அவர்கள் நாற்பது வருஷம் பாடுபட்டார்கள் என்பதற்கு எந்தக் கச்சேரியிலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

என் தகப்பனார் புதூர்நாட்டு மலைக்காரர். சாமை விதைத்தார், புளி உலுக்கினார். சாமை வயிற்றுக்குப் போதாது. புளியோ, காய் மரத்தில் தொங்கும்போதே கீழ்நாட்டு வியாபாரிக்குப் போய்விடும். ஆடியில் வாங்கிய அட்வான்சுக்கு மாசியில் மரத்தோடு கொடுக்க வேண்டும். சந்தையில் புளி என்ன விலை விற்றது என்பது உலுக்கியவனுக்கே தெரியாது! ஆகவே கூப்புக் கூலிக்குப் போனார். சந்தன மரத்தை வெட்டுவதில்லை தோழர்களே, வேரோடு பறிப்பார்கள். வேரில்தான் எண்ணெய் அதிகம். பறித்த மரம் திருப்பத்தூர் சர்க்கார் சந்தனக் கிடங்குக்கு வரும். அங்கே வெள்ளைக் கட்டையைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டும் எடுத்து, தரம் பிரித்து ஏலம் விடுவார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் எடை உண்டு, கணக்கு உண்டு. அதைச் சுமந்து இறக்கியவருக்கு ஒரு கணக்கும் இல்லை. அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது துண்டில் ஒட்டிய வாசனை ஒன்றுதான். சிறு பிள்ளைகளான நாங்கள் அந்தத் துண்டுக்குச் சண்டை போடுவோம்.

புளிக் கடன் ஏறவே, நிலத்தைச் சித்தப்பா கையில் விட்டுவிட்டு அவர் அடிவாரத்துக்கு இறங்கினார். அங்கே என் தாயார் பீடி சுற்றக் கற்றுக்கொண்டார். அந்த வேலையைப் பற்றி இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. பாதிப் பேர் மடியில் முறத்தோடு வளர்ந்தவர்கள். ஆனாலும் சொல்கிறேன், வயல் வேலை செய்யும் தோழர்களுக்குத் தெரியட்டும். ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகரத்தை வைத்து அளவாக வெட்ட வேண்டும். தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். அந்த ஆயிரத்தில் தரம் சரியில்லை என்று கான்டிராக்டர் கழித்துப் போடுவது எத்தனை என்று சொல்லவே முடியாது. கழித்த பீடியை அவர் குப்பையிலா கொட்டினார்? அதையும் விற்றார்! இலை குறைவாகக் கொடுப்பார், எண்ணிக்கை குறையக்கூடாது என்பார். குறைந்த இலையைக் கடையில் சொந்தக் காசில் வாங்கிப் போடுவார் என் தாயார்.

வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966-ல் சட்டம் வந்தது. 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டமும் வந்தது. பீடி மீது விதித்த தீர்வையிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் பணம் ஒதுக்கினார்கள். போராடிப் பெற்றவை இவை. யாரும் தானமாகத் தரவில்லை. அந்தத் தீர்வையும் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுக்கப்பட்டுவிட்டது. என் தாயார் கதையோ இன்னும் மோசம். மூன்று பெண்கள் சுற்றிய பீடியை ஒரே புத்தகத்தில், ஒரே பெயரில் பதிந்தார் கான்டிராக்டர். அந்தப் பெயர் என் தாயாருடையது அல்ல. இருமி இருமி அவர் போய்ச் சேர்ந்தபோது, அவர் பீடித் தொழிலாளி என்பதற்கு விரல் நுனியில் இருந்த காய்ப்பைத் தவிர வேறு ருசு இல்லை.

ருசு இல்லாத உழைப்பாளியின் கதி என்ன? 2015 ஏப்ரல் 7-ஆம் தேதியை இந்த மலை மறக்காது. திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திரப் போலீஸ் அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரரும் சித்தேரி மலைக்காரரும் அதில் உண்டு. செம்மரம் வெட்ட வந்து தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள் உயிர் தப்பியவர்கள். செம்மரம் கப்பலேறிச் சீனா வரைக்கும் போகிறது. அதில் கோடி சம்பாதிப்பவன் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. புளிக்கு அட்வான்ஸ் கொடுத்தது போலவே இதற்கும் அட்வான்ஸ் கொடுத்து ஆள் பிடிக்கிறான் மேஸ்திரி. மறுநாள் பத்திரிகைகளில் அந்த 20 பேரும் 'கடத்தல்காரர்கள்'. சாமை விதைத்தவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள் என்று எழுதியவர்கள் சிலரே. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து நிற்கிறார்கள். தகப்பன் என்ன வேலை செய்தான் என்று கேட்டால் அவர்கள் என்ன பதில் சொல்வது?

வாய்ச்சொல் அம்பலம் ஏறாது என்பவர்களுக்கு வாச்சாத்தியைக் காட்டுகிறேன். 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்து அந்த ஊரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் புகுந்து செய்த அக்கிரமம் உங்களுக்குத் தெரியும். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சியும் துணை நிற்க, அந்தத் தாய்மார்கள் ஆண்டுக்கணக்காகக் கோர்ட்டில் ஏறி இறங்கிச் சாட்சி சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தது. 2023-ல் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. படிக்காத பெண்களின் நினைவுதான் அங்கே பேசியது!

இப்போது நம் காரியத்துக்கு வருகிறேன். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து பழங்குடியினர் அனுபவித்துவரும் காட்டு நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, உரிமை கேட்கலாம். தமிழ்நாட்டில் கோர்ட்டுத் தடையால் பட்டா கொடுப்பது 2016 வரை முடங்கிக் கிடந்தது. மனு முதலில் கிராம சபைக்குப் போக வேண்டும். காகிதம் இல்லையே என்று பயப்படாதீர்கள். மனுச் செய்பவர் அல்லாத பெரியவர் சொல்லும் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் சான்று என்கிறது அதன் விதி. குடிசை, திருத்திய நிலம், வெட்டிய கிணறு சான்று. ஊருக்குப் பொதுவான உரிமைக்குக் கோயில் மரமும் இடுகாடும்கூடச் சான்று. ஆனால் ஒரு சான்று போதாது. ஒன்றுக்கு மேல் காட்ட வேண்டும். இன்னொன்று: கல்யாணமானவர்களுக்கு உரிமைப் பத்திரம் புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலும் வர வேண்டும். எங்கள் வீட்டில் சித்தியின் பெயர் ஏறினால், ஒரு பெண்ணின் பெயர் எங்கள் குடும்பத்துக் காகிதத்தில் ஏறுவது அதுவே முதல் தடவை.

அதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவினார்கள். எத்தனையோ கோடி மைலுக்கு அப்பாலிருக்கும் நட்சத்திரத்துக்கு அங்கே பதிவேடு இருக்கிறது. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. பக்கத்துக் கொல்லையை உழுதவன் யார் என்பதற்கும் ஒரு பதிவேடு வேண்டும் என்கிறேன்.

போன மாதம் சித்தப்பாவின் மனுவுக்காக மலைக்குப் போனோம். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி, எண்பதைத் தாண்டியவள், எழுதிக்கொள் என்று திண்ணையில் உட்கார்ந்தாள். என் பாட்டன் எந்த வருஷப் பஞ்சத்தில் அந்தக் கரட்டைத் திருத்தினான், எந்தப் பாறையை உடைத்துக் கிணறு எடுத்தான், என் தகப்பனார் எந்தக் கூப்புக்குப் போனார், என் தாயார் கல்யாணமாகி வந்த முதல் வருஷம் எத்தனை வள்ளம் சாமை விளைந்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான்கு பக்கம் வந்தது. படித்துக் காட்டினோம். இரண்டு இடத்தில் திருத்தினாள். பிறகு கைநாட்டு வைத்தாள்.

எங்கள் ஊரில் இன்னும் பதினோரு வீடு பாக்கி. சொல்லக்கூடிய பெரியவர்கள் மூன்று பேர்தான் மிச்சம். ஒருவருக்குக் காது கேட்கவில்லை. எழுதத் தெரிந்த பிள்ளைகள் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை சங்க ஆபீசுக்கு வந்துவிடுங்கள். முதல் பஸ்ஸிலேயே மலைக்குப் புறப்படுகிறோம். பீடி சுற்றும் தாய்மார்கள் கையிலிருக்கும் பழைய புத்தகம், கூலிச் சீட்டு, எதுவானாலும் எடுத்து வாருங்கள். யார் பெயரில் இருந்தாலும் சரி, அதில் யார் சுற்றியது என்பதைப் பக்கத்தில் எழுதி வைப்போம்.