கொதிக்கும் எஞ்சின்



மோட்டார் வண்டியின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான்; ஆயினும் இப்பாடத்தைக் கற்றது ஒரு பட்டறையில், என் மாணவனிடம்.

1994-ஆம் ஆண்டுக் கோடை. பழைய அம்பாஸிடர் கார் ஒன்றில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலையேறிக்கொண்டிருந்தேன். பர்லியாறு தாண்டியதும் முன்மூடியின் அடியிலிருந்து ஆவி சீறியது. தண்ணீர் குறைந்துவிட்டது என்று நானே தீர்மானித்து, ரேடியேட்டரின் மூடியைத் திருகினேன். கொதிநீர் பீறிட்டு வலக்கை வெந்துபோயிற்று. தழும்பு இன்றும் உள்ளது. அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலை உயரும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் செய்த காரியம் இது! இறுக மூடிய ரேடியேட்டருக்குள் நீர் 100 பாகை செல்சியஸைக் கடந்தும் நீராகவே இருக்கும். மூடி அகன்றதும் அழுத்தம் நீங்கி, அந்நொடியே அதில் ஒரு பகுதி ஆவியாகிறது; எஞ்சிய நீரையும் அதுவே வெளியே எறிகிறது. அரை மணிக்கு மேலானாலும், எஞ்சின் நன்றாக ஆறும்வரை அம்மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தகாது. வார்ப்பிரும்பு விரிசல் காணக்கூடும்.

வண்டி ஆறியபின் மெல்லக் கீழே இறங்கினேன். பட்டறைக்காரன் என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்தவன். அவன் எதையும் கழற்றவில்லை, வினாக்களையே தொடுத்தான்.

“சமவெளியில் வேகமாகப் போகும்போது சூடேறுகிறதா, சார்?”

“இல்லை.”

“நின்றுகொண்டிருக்கும்போது?”

“ஏறும்.”

“இரவில் விளக்கு மங்குகிறதா?”

மங்கத்தான் செய்தது. அதற்கென்று ஒரு மாதம் முன்பு புதிய பாட்டரியே வாங்கியிருந்தேன். இரண்டும் வெவ்வேறு நோய் என்பது என் எண்ணம்.

அவன் விளக்கினான். வேகமாகச் செல்கையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கையிலும் மெல்ல மலையேறுகையிலும் விசிறிதான் துணை. அவ்வண்டியில் விசிறி, நீரைச் செலுத்தும் பம்பு, மின்சாரம் தரும் டைனமோ ஆகிய மூன்றையும் சுழற்றுவது ஒரே பெல்ட். அதைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். ஊஞ்சற்கயிறு போல் தொய்ந்தது.

வேறு குறிகளையும் சொன்னான். வேகத்தில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டரின் குழல்களில் அடைப்பு இருக்கலாம். எஞ்சின் கொதித்தும் ரேடியேட்டருக்குச் செல்லும் மேற்குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என ஐயுறலாம். எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்திருக்கிறது. ஹெட் காஸ்கெட்டைச் சோதிக்கும்வரை வண்டியை ஓட்டவே கூடாது.

பின்னர் மரையாணிகளைத் தளர்த்தி, டைனமோவை வெளிப்புறமாக இழுத்துப் பெல்ட்டை இறுக்கினான். கால் மணி நேர வேலை. கூலி வாங்க மறுத்துவிட்டு, நான் பயனற்றதென்று ஒதுக்கிய பழைய பாட்டரியைக் கேட்டான். அது அவன் பட்டறையில் மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்தது.