பாடு தவறாமல் பாடம் படிக்க

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் சார்பில் பழவேற்காடு பகுதி மாணவ, மாணவியருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆன்லைனில் படிக்கிற மாணவர்களுக்கு நாலு யோசனை சொல்லுங்கள் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். பாடத்தை எப்படிப் படிப்பது என்பதை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் பேச வந்தது அதைவிடச் சின்ன விஷயம். படித்த படிப்பை மார்க்காக மாற்றுகிற அந்தக் கணினி அமைப்பை எப்படிக் கையாள்வது என்பதுதான். இப்படிப்பட்ட அமைப்புகளைப் பராமரிக்கிற பொறியாளன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். பாடம் தெரியாமல் மார்க் இழப்பவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பாடம் நன்றாகத் தெரிந்தும், விடையை எழுதி வைத்தும், அது போய்ச் சேராத காரணத்தால் பூஜ்யம் வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டிலேயே முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு இந்தப் பூஜ்யம் வெறும் பூஜ்யம் இல்லை. ‘இதெல்லாம் நமக்குச் சரிவராது’ என்று வீட்டில் ஒரு பேச்சு எழ அதுவே போதும். அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

முதலில் அந்த அமைப்பு என்ன என்று பார்ப்போம். எல்.எம்.எஸ். என்கிறார்கள். தமிழில் கற்றல் மேலாண்மை அமைப்பு. பல கல்லூரிகளில் இருப்பது மூடில் என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் உருவாக்கி, 2002இல் முதல் பதிப்பை வெளியிட்டார். காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அதில் தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம். 2017இல் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வேறு வழியில்லாமல் எல்லாக் கல்லூரிகளும் இந்தப் பக்கம் வந்தன. ஊரடங்கு போய்விட்டது. எல்.எம்.எஸ். போகவில்லை.

இதைப் பலர் யூட்யூப் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்று. அப்படி இல்லை. நம் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த இடத்தில், யார், என்றைக்கு வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைத்துப் பங்கிடுவது. நம் முறை வருகிற நாளில் வலை கிழிந்து கிடந்தால், ‘நாளைக்குப் போடுகிறேன்’ என்று சொல்ல முடியுமா? அதனால் முறை வருவதற்கு முன்பே வலையைச் சரிபார்த்து, படகைப் பார்த்து, ஆளைத் தயார் செய்து வைக்கிறோம். எல்.எம்.எஸ்.ஸும் பாடு மாதிரிதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள், ஒரு நேரம். திறக்கிற நேரம் உண்டு, மூடுகிற நேரம் உண்டு. உங்கள் கைக்கடிகாரத்தை அது பார்க்காது. எங்கோ இருக்கிற சர்வரின் கடிகாரம்தான் கணக்கு.

பாட்டில் இடம் கிடைக்காத ஊர்களின் குறையும் எனக்குத் தெரியும். எல்.எம்.எஸ்.ஸில் சேர்ந்த எல்லோருக்கும் இடம் உண்டு. ஆனால் கையில் போனும் சிக்னலும் இருந்தால்தான் அந்த இடம் இடமாகும். ஆகவே கையில் இருப்பதை வைத்து எப்படிச் சமாளிப்பது என்று சொல்கிறேன்.

முதலாவது, கரையில் செய்கிற வேலையைக் கரையிலேயே முடித்துவிடுங்கள். எல்.எம்.எஸ். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நெட் வேண்டிய வேலை, நெட் வேண்டாத வேலை. படிப்பது, விடை எழுதுவது, யோசிப்பது இதற்கெல்லாம் நெட் வேண்டாம். இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் மட்டும்தான் நெட் வேண்டும். கல்லூரியில் வைஃபை இருக்கும்போது, அல்லது பொன்னேரியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்போது, அந்த வாரப் பாடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடில் செயலியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. முதலில் பி.டி.எஃப்., அப்புறம்தான் வீடியோ. ஒரு மணி நேர வீடியோவை 360 அளவில் பார்த்தால் ஏறத்தாழ 300 எம்.பி. செலவாகும். 720 அளவில் பார்த்தால் ஒரு ஜி.பி.யை நெருங்கும், சில நேரம் தாண்டும். கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்க 360 போதும். என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றுக்கு உரையின் எழுத்து வடிவமும் கிடைக்கும். அதற்கு டேட்டா மிகக் குறைவு.

இரண்டாவது, தேதியைச் சரியாகப் படியுங்கள். ‘15ஆம் தேதி 00:00’ என்று போட்டிருந்தால் அது 15ஆம் தேதி இரவு இல்லை. 14ஆம் தேதி முடிந்து 15 பிறக்கிற நள்ளிரவு. 14ஆம் தேதி ராத்திரியே முடித்தாக வேண்டும். இன்னொன்று, மூடிலில் இரண்டு தேதிகள் இருக்கலாம். ஒன்று கொடுக்க வேண்டிய தேதி. அதைத் தாண்டினால் ‘தாமதம்’ என்று குறிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளும். மற்றது கதவை மூடும் தேதி. அதைத் தாண்டினால் வாங்கவே வாங்காது. முதல் தேதி போய்விட்டது என்று சோர்ந்து உட்காராதீர்கள். இரண்டாவது தேதி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

மூன்றாவது, ஒப்படைப்பு. நோட்டில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எல்லாப் பக்கத்தையும் ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். எத்தனை எம்.பி. வரை ஏற்கும் என்று அதே பக்கத்தில் போட்டிருக்கும், அதற்குள் இருக்கட்டும். கோப்புக்கு உங்கள் பதிவு எண்ணையே பெயராக வையுங்கள். இனி மிக முக்கியமானது. கோப்பு ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சில பாடங்களில் அது ‘டிராஃப்ட்’ என்றுதான் நிற்கும். அதாவது வரைவு. ‘சப்மிட்’ என்று இன்னொரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால்தான் ஒப்படைத்ததாகக் கணக்கு. மீன் படகில் இருந்தால் போதுமா, ஏலக்கூடத்துக்கு வர வேண்டாமா? அழுத்திய பிறகு திரையில் என்ன வருகிறது என்று படித்துப் பாருங்கள். அந்தத் திரையை அப்படியே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஏதாவது சிக்கல் வந்தால் அதுதான் உங்கள் ரசீது. கடைசி மணி நேரத்தில் எல்லோரும் ஒரே கதவில் முட்டுவார்கள். ஒரு நாள் முன்பே ஏற்றிவிடுகிறவர்களுக்கு அந்த நெரிசல் இல்லை.

நான்காவது, இணையத் தேர்வு. ‘தொடங்கு’ என்று அழுத்திய நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். நெட் போனாலும் ஓடும், கரண்ட் போனாலும் ஓடும், போனை அணைத்தாலும் ஓடும். ஏனென்றால் அது உங்கள் போனில் ஓடவில்லை, சர்வரில் ஓடுகிறது. ஆனால் பயப்படாதீர்கள். மூடில் நீங்கள் குறித்த விடைகளைப் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே சேமித்துக்கொள்ளும். அடுத்த பக்கம் போகும்போதும் சேமிக்கும். நெட் போனால் பதற்றப்படாமல், சிக்னல் வந்ததும் அதே பெயரில் உள்ளே போங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே நேரத்தில் இரண்டு போனில் திறக்காதீர்கள். தொடங்குவதற்கு முன்பு சார்ஜ் பாருங்கள். சில போன்களில் அழைப்பு வந்தால் நெட் நின்றுவிடும். ‘இந்த அரை மணி நேரம் யாரும் கூப்பிடாதீங்க’ என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஐந்தாவது, கடவுச்சொல். அவசரத்துக்கு பிரவுசிங் சென்டரில் போய்ச் செய்தால், முடித்ததும் வெளியேறிவிட்டு வாருங்கள். கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் எழுதிக்கொடுத்து ‘நீங்களே போட்டுடுங்கண்ணே’ என்று சொல்லாதீர்கள். யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார் என்பதையெல்லாம் அந்த அமைப்பு குறித்து வைக்கிறது. உங்கள் பெயரில் யார் செய்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஆறாவது, பலருக்கும் தெரியாதது. உங்கள் ஒருவருக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கொடுக்க மூடிலில் ஆசிரியருக்கு வசதி உண்டு. வகுப்பு முழுவதற்கும் தேதியை மாற்ற வேண்டியதில்லை. ஒரு பெயரைத் தேர்ந்து, ஒரு தேதியைப் போட்டால் போதும். கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். ஆனால் கேட்டால்தானே கொடுப்பார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னை வட்டாரத்தில் பல இடங்களில் கரண்டும் சிக்னலும் நாள்கணக்கில் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால், சிக்னல் கிடைத்த முதல் நிமிடத்திலேயே ஆசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள். பெயர், பதிவு எண், எந்தப் பாடம், எந்த ஒப்படைப்பு, என்ன நடந்தது, எத்தனை நாள் வேண்டும். அவ்வளவுதான். கதை வேண்டாம், கெஞ்சல் வேண்டாம். பத்து நாள் கழித்துச் சொன்னால் அது சாக்குப்போக்காகத் தெரியும். அன்றே சொன்னால் அது தகவல்.

என்.பி.டி.இ.எல். படிக்கிறவர்களுக்கு ஒரு ஆறுதல். 12 வாரப் பாடத்தில் வாரந்தோறும் ஒப்படைப்பு இருந்தாலும், சிறந்த 8 மட்டும்தான் கணக்கு. 8 வாரப் பாடத்தில் சிறந்த 6. ஒப்படைப்புக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. முதலாவதில் 10ம் இரண்டாவதில் 30ம் எடுத்தால் சான்றிதழ். ஆகவே ஒரு வாரம் தவறியது என்று படிப்பையே விட்டுவிடாதீர்கள். சேருவதற்கும் படிப்பதற்கும் கட்டணம் இல்லை. தேர்வு எழுதத்தான் கட்டணம். கல்லூரி ஏற்றுக்கொண்டால் இந்தப் பாடங்களை உங்கள் பட்டப்படிப்பின் மதிப்பெண் கணக்கிலும் சேர்க்கலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படிச் சேர்க்க பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வழி செய்திருக்கிறது.

இதுவரை பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டும்.

இங்கே பல வீடுகளில் போன் ஒன்றுதான். விடியற்காலையில் அது அப்பாவோடு படகில் போய்விடுகிறது. போக வேண்டியதுதான், தண்ணீரில் இருக்கிறவருக்கு அது பாதுகாப்பு. திரும்பி வந்த பிறகு அண்ணன் கைக்குப் போகிறது. தங்கையின் முறை வரும்போது ராத்திரி பத்து மணி, டேட்டாவும் தீர்ந்திருக்கும். பெற்றோர்களே, ஏரிக்குப் பாடு வைத்த ஊர் இது. வீட்டுப் போனுக்கும் ஒரு பாடு வையுங்கள். மாலையில் இந்த நேரம் பெண்பிள்ளையின் முறை என்று சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் வேறு யாரும் தொடக்கூடாது.

பேராசிரியப் பெருமக்களே, ஒரு நாளைக்குள் என்று தேதி வைப்பதை மூன்று நாள் என்று வையுங்கள். வீடியோ போடும்போது கூடவே ஒரு பி.டி.எஃப். போடுங்கள். காலை நேரத் தேர்வென்றால், அந்த நேரத்தில் போன் கடலில் இருக்கும் பிள்ளைகளையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

சங்கத்து நண்பர்களே, நாம் ஆண்டுதோறும் கூடி, பழைய கதை பேசி, நல்ல சாப்பாடு சாப்பிட்டுக் கலைகிறோம். அதில் தப்பில்லை. நம் வீடுகளில் பழைய மடிக்கணினிகள் அலமாரியில் கிடக்கின்றன. பழவேற்காட்டில் ஒரு அறை, ஒரு நல்ல இணைய இணைப்பு, நாலு மடிக்கணினி, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை திறந்து வைக்கப் பொறுப்பான ஒருவர். இதற்கு ஆகும் செலவை நாம் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமாக இருக்காது. என் பங்குக்கு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கணினிகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன்.

தம்பி தங்கைகளே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். எல்.எம்.எஸ்.ஸைத் திறந்து, அதில் இருக்கும் நாள்காட்டியைப் பார்த்து, இந்தப் பருவத்தின் எல்லாத் தேதிகளையும் ஒரு காகிதத்தில் எழுதி, சுவரில் ஒட்டுங்கள். அம்மா அப்பா கண்ணிலும் படட்டும். மற்றதெல்லாம் தானாக வரும்.